டைனோசர் என்று போட்டு விற்கும் கிளிப்டோடான் பெட்டி: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மீதி ஒன்றரை எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள், ஜிப்சம் கட்டிக்குள் புதைத்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் எலும்புகளைப் பிள்ளைகள் தோண்டி எடுத்துப் பொருத்தும் விளையாட்டுப் பெட்டி. வாங்கியது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில், சந்தைக்குப் பின்வரிசையில் இருக்கும் பள்ளிச் சாமான் கடையில். விலை 59 வெள்ளி 90 காசு. 8 வயதுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள், ஆனால் 8 வயதுப் பிள்ளை தனியாகச் செய்து முடிக்கும் காரியம் இல்லை இது, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இந்த மாதிரி தோண்டும் பெட்டிகள் நம் ஊருக்குப் புதிதல்ல. பாசார் மாலாம் இரவுச் சந்தையிலேயே சின்னச் சின்னதாகக் கிடைக்கும், முட்டை வடிவக் கட்டிக்குள் நாலைந்து எலும்பு, பொருத்தினால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டி-ரெக்ஸ். என் மகளுக்கு அதெல்லாம் அலுத்துப்போய்விட்டது. கடையின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த இந்தப் பெட்டியை அவள்தான் இழுத்து எடுத்தாள், "அப்பா, இந்த டைனோசர் ஆமை மாதிரி இருக்குப்பா" என்று. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பெட்டியில் கொட்டை எழுத்தில் 'டைனோசர் சீரிஸ்' என்றுதான் இருக்கிறது. கிளிப்டோடான் என்ற பெயர் மூலையில் பொடி எழுத்தில்.

முதல் அரை மதிப்பெண் அங்கேயே போய்விட்டது. கிளிப்டோடான் டைனோசர் இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுத்த பாலூட்டி, ஆர்மடில்லோவின் சொந்தக்காரன். ஆர்மடில்லோவை நாம் இங்கே பார்த்திருக்க வழியில்லை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இருக்கும் பிராணி, முதுகில் எலும்புக் கவசத்தோடு பூச்சி புழுவைத் தேடி மண்ணைக் கிளறிக்கொண்டு திரியும். அதன் குடும்பத்தில்தான் இந்த ராட்சத ஜாதியும் வந்தது. பறவைகளை விட்டுவிட்டால் டைனோசர்களின் கதை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. கிளிப்டோடான்களோ பனியுகம் முடியும் தறுவாயில், அதாவது ஏறக்குறைய 10,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன்வரை, தென் அமெரிக்காவில் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

அது எவ்வளவு அண்மைக் காலம் என்பது பேராக்காரர்களுக்கு எளிதில் புரிய வேண்டும். கோலகங்சார் தாண்டி லெங்கோங் போனால், குனோங் ருந்து குகையில் 1990களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்களே 'பேராக் மனிதன்', கைகால் மடக்கிப் புதைக்கப்பட்டிருந்த அந்த எலும்புக்கூடு, அதன் வயதும் சுமார் 10,000 ஆண்டுதான். அந்த மனிதர் லெங்கோங் காட்டில் வாழ்ந்த காலத்துக்குச் சற்று முன்னால்தான், உலகத்தின் மறுபக்கத்தில் கடைசிக் கிளிப்டோடான்கள் நடமாடின. பெட்டிக்குள் இருக்கும் குறிப்புப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா, '65 ஜுத்தா தாஹுன் டஹுலு', அதாவது 65 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்று. ஆறரைக் கோடி எங்கே, பத்தாயிரம் எங்கே. அச்சுப்பிழை என்று விட முடியாது, டி-ரெக்ஸ் பெட்டியின் குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், கூடவே 'ஆமையின் மூதாதை' என்று ஒரு வரி வேறு. அந்தப் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பொருத்தும் முறைப் படங்கள் இருக்கும் நடுப்பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மற்றதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம்.

சரி, குறை போதும், முதுகு ஓட்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் கொடுத்த காசு முழுவதும் இந்த ஓட்டுக்கே சரியாகப் போயிற்று.

மலிவுப் பொம்மைகளில் கிளிப்டோடான் என்று வந்தால், ஆர்மடில்லோவுக்கு இருப்பதுபோல முதுகின் குறுக்கே வளையம் வளையமாகப் பட்டைகளைப் போட்டுவிடுவார்கள். ஆர்மடில்லோவுக்கு அந்தப் பட்டைகள் வேண்டும், அவற்றுக்கு இடையில் இருக்கும் தோல் மடங்கினால்தான் உடம்பை வளைக்க முடியும். கிளிப்டோடானுக்கு அப்படி இல்லை. அதன் ஓடு முழுக்க ஒரே விறைப்பான கூரை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 2.5 சென்டிமீட்டர் கனம், ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்பில் கோத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இந்தப் பெட்டியில் ஓடு வலது பாதி, இடது பாதி என்று இரண்டு துண்டாக வருகிறது, முதுகின் நடுக்கோட்டில் அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது, குறுக்குப் பட்டை ஒன்றுகூட இல்லை. மேல்பரப்பில் பூப்பூவாக வேலைப்பாடு, நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ஒரு வரிசை. உண்மையான கிளிப்டோடான் ஓட்டில் இருப்பதும் இதே அமைப்புதான். அந்தப் பூக்களின் வடிவத்தை வைத்துத்தான் ஒரு துண்டு எந்த வகைப் பிராணியுடையது என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். அட்டைப்பெட்டியில் எழுதியவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அச்சு வார்த்தவர் யாரோ விஷயம் தெரிந்த ஆள்.

இன்னொன்று. ஓட்டைக் கழற்றினால் உள்ளே விலா எலும்புகள் தனியாக இருக்கின்றன. ஆமைக்கு அப்படி இருக்காது, ஆமையின் ஓட்டில் பெரும்பகுதி விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து உருவானதுதான், கழற்றவே முடியாது. கிளிப்டோடானின் ஓடு தோலுக்குள் தனியாக வளர்ந்த எலும்பு. எலும்புக்கூடு ஒரு வேலை, ஓடு இன்னொரு வேலை, பின்னால் இடுப்பெலும்பின் மேல் ஓட்டின் பாரம் இறங்கும். பெட்டியிலும் ஓடு உட்காரும் இடத்தை இடுப்பெலும்பின் மேல்தான் வைத்திருக்கிறார்கள். பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

முதுகெலும்பு ஒரே நீளக் கம்பியாக வரும். மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டாங்கப்பா, டி-ரெக்ஸுக்குத் தனித்தனியா இருந்துச்சு" என்றாள். ஏமாற்று இல்லை. கிளிப்டோடான்களுக்கு முதுகின் பெரும்பகுதி எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாய்போல ஆகிவிட்டன. மேலே அசையாத கூரை இருக்கும்போது கீழே வளையும் முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கம்பெனி காசை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்ததா, தெரிந்து செய்ததா என்று எனக்கும் சந்தேகம்தான், ஆனால் ஓட்டைப் பார்த்த பிறகு தெரிந்தே செய்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

தலைக்கு ஒரு சின்ன மூடி தனியாக வரும், மகளின் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தலையின் உச்சியில் இருந்த எலும்புத் தொப்பி அது. ஆமைபோலத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள கிளிப்டோடானால் முடியாது, அதனால் தலைக்கென்று தனிக் கவசம். இந்த மூடி ஜிப்சம் தூளோடு குப்பைக்குப் போய்விட எல்லா வாய்ப்பும் இருக்கிறது, ஆகவே கொட்டுவதற்கு முன் மாவு சலிக்கும் பழைய சல்லடையில் ஒருமுறை சலித்துவிடுங்கள்.

மண்டையோடும் நன்றாக வந்திருக்கிறது. கன்னத்து எலும்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு தடித்த கொம்பு இறங்கும், முதலில் பார்க்கும்போது அச்சில் பிளாஸ்டிக் வழிந்துவிட்டதோ என்று நகத்தால் நெருடிப் பார்க்கத் தோன்றும். வெட்டிவிடாதீர்கள், அது உண்மையிலேயே இருந்த உறுப்பு. நாள் முழுக்க மென்றுகொண்டே இருப்பதற்கான பெரிய தசைகள் அதில்தான் பிடித்திருந்தன. தாடை ஆழமாக, கனமாக இருக்கும். மேலும் கீழும் பக்கத்துக்கு எட்டு எட்டாகப் பற்கள், ஒவ்வொன்றும் மூன்று மடலாக, பக்கவாட்டில் பள்ளம் விழுந்து, எனாமல் இல்லாமல், தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும் வகை. முன்பக்கம் பல்லே கிடையாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மண்டையோட்டில் இதெல்லாம் சரியாக இருக்கும்போது, பெட்டியின் மேல் வரைந்திருக்கும் படத்தில் அது வாயைப் பிளந்துகொண்டு கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. புல் தின்னும் பிராணிக்குக் கோரைப்பல்! படம் வரைந்தவரும் அச்சு வார்த்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

இனி வால். மீதி ஒரு மதிப்பெண் மொத்தமாகப் போன இடம் இதுதான்.

பெட்டியில் வரும் வாலின் நுனியில் முள் வைத்த கதாயுதம் இருக்கிறது. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு முதலில் பிடிப்பதே அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கிளிப்டோடானின் வால் இல்லை, டோடிகுருஸின் வால். டோடிகுருஸும் கிளிப்டோடான்கள் என்று பொதுவாகச் சொல்லும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வேறு பிராணி, ஏறக்குறைய 4 மீட்டர் வரை நீளம், தோள்பட்டைக்கு மேல் ஓடு கூன்போல் எழும்பி நிற்கும், ஓட்டில் பூ வேலைப்பாடு இருக்காது, வழவழப்பான துண்டுகளில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். கிளிப்டோடானின் சொந்த வால் குட்டை, வளையம் வளையமாக எலும்புக் கவசம், அந்த வளையங்களில் கூம்பு கூம்பாகப் புடைப்புகள், அவ்வளவுதான், கதாயுதம் எல்லாம் கிடையாது. இந்தக் கம்பெனி உடம்பை ஒன்றிலிருந்தும் வாலை மற்றொன்றிலிருந்தும் எடுத்துப் பொருத்திவிட்டது. ஓட்டுக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள் வாலில் இப்படிச் செய்ததுதான் எரிச்சல். விற்பனைக்காகச் செய்திருப்பார்கள், கதாயுதம் இருந்தால்தான் பையன்கள் வாங்குவார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்.

டோடிகுருஸ் வாலை வைத்தே தனிப் பெட்டி போட்டிருந்தால் நான் அதையும் வாங்கியிருப்பேன், ஏனென்றால் அந்த வாலின் கதை தனிச் சுவை. 2009இல் உருகுவே ஆராய்ச்சியாளர்கள் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பேஸ்பால் மட்டையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பந்து பட்டால் கை அதிராது, அடி முழுக்கப் பந்துக்கே போகும். அதே மாதிரி ஓர் இடம் இந்த வாலிலும் இருந்திருக்கிறது, பெரிய கதாயுதம் உள்ள வகைகளில் மிகப் பெரிய முள் இருந்திருக்க வேண்டிய இடமும் அதுவும் ஒன்றாகவே வருகிறது. ஓங்கி அடித்தால் எதிராளிக்குத்தான் சேதம், தன் முதுகெலும்புக்கு இல்லை. வேகமாக ஓடிவரும் மிருகத்தைக் குறிபார்த்து அடிக்க இது தோதுப்படாது, தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளத்தான் பயன்பட்டிருக்கும் என்பது அவர்கள் கருத்து.

ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் ஒட்டுவது பொம்மைக் கம்பெனி தொடங்கி வைத்த பழக்கம் இல்லை என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிட வேண்டும். 1800களில் இந்த ஓட்டுத் துண்டுகள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர ஆரம்பித்தபோது, அவை மெகாதேரியம் என்ற ராட்சத ஸ்லோத்தின் (இன்று மரத்தில் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லோத்தின் அழிந்துபோன சொந்தம்) கவசம் என்றே நம்பினார்கள். யானை அளவு ஸ்லோத்துக்கு எலும்புச் சட்டை! 1832இல் பீகிள் கப்பலில் போன சார்ல்ஸ் டார்வினும் அர்ஜென்டினாவின் புந்தா ஆல்தா கரையில் இப்படிப்பட்ட துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு 1839இல் ஆங்கிலேய உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன்தான் இது வேறு பிராணி என்று பிரித்துக் கிளிப்டோடான் என்று பெயர் வைத்தார். டார்வினுக்கு இதில் உறுத்திய விஷயம் வேறு. கவசம் போட்ட பெரிய பிராணி அழிந்து கிடக்கும் அதே மண்ணில்தான் கவசம் போட்ட சின்னப் பிராணி இன்றும் ஓடித் திரிகிறது, வேறு கண்டத்தில் இல்லை, ஏன் என்ற கேள்வி. அவருடைய பரிணாமச் சிந்தனைக்கு அதுவும் ஒரு விதை.

அந்தச் சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்பது 2016இல்தான் உறுதியாயிற்று. ஏறக்குறைய 12,000 ஆண்டுப் பழைய டோடிகுருஸ் ஓட்டுத் துண்டு ஒன்றிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படித்தார்கள். அதுவரை ஆர்மடில்லோக்கள் ஒரு கிளை, கிளிப்டோடான்கள் பக்கத்துக் கிளை என்று வைத்திருந்தார்கள். டிஎன்ஏ சொன்னது, பக்கத்துக் கிளை இல்லை, ஆர்மடில்லோ கிளைக்குள்ளேயேதான் கிளிப்டோடானும் இருக்கிறது, பிரிந்தது சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன். இதில் எனக்குப் பிடித்தது, அர்ஜென்டினா மணலுக்குள் வாழும் இளஞ்சிவப்புத் தேவதை ஆர்மடில்லோ என்று ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கிவிடும், சுமார் 10 சென்டிமீட்டர்தான். அந்தக் குட்டிக்கு வட அமெரிக்காவில் தெருவைக் கடக்கும் சாதாரண ஒன்பது பட்டை ஆர்மடில்லோவைவிட, அழிந்துபோன இந்த ராட்சதன்தான் நெருங்கிய உறவு. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பார்ப்போமே, நாம் பெரியப்பா என்று கூப்பிடுபவரைவிட, மூலையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர்தான் நெருங்கிய சொந்தம் என்று பிறகு தெரியவரும்.

அளவைப் பற்றிக் குறிப்புப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கிளிப்டோடான் சுமார் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், எடை ஒரு டன்னையும் தாண்டும். பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் பழைய கன்சில் காரைக் காட்டி, அதற்கு நாலு கால் முளைத்து ஓடு போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன், மகளுக்கு உடனே புரிந்தது. பொருத்தி முடித்த பொம்மை ஒன்றரைச் சாண் நீளம் வருகிறது, இந்த விலைக்கு அது நல்ல அளவுதான்.

தோண்டும் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ரிவியூ ஆகாது. ஜிப்சம் கட்டி சரியான கல்லு. கூட வரும் பிளாஸ்டிக் உளியும் சுத்தியலும் எதற்கும் ஆகாது, சுத்தியலின் தலை முதல் மாலையே கழன்று தோட்டத்துப் பக்கம் பறந்தது. தண்ணீர் தெளித்து ஊற விட்டால் மேல்பரப்பு கொஞ்சம் இளகும், ஆனால் அதிகம் ஊற்றினால் சேறாகி ஓட்டின் பூ வேலைப்பாட்டில் எல்லாம் புகுந்துகொள்ளும், பிறகு பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். வீட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். தூள் பறக்கிறது, மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்குக் கண்டிப்பாக மாஸ்க் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வேலையை முடித்துக் கொடுத்தது என் அம்மா. பால்மரம் வெட்டிப் பழகிய கை. நாங்கள் இருவரும் குத்திக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னடா இப்படிக் கொத்துறீங்க, உள்ள இருக்கறது உடையாதா" என்று உள்ளே போய்ப் பழைய பால் வெட்டும் கத்தியை எடுத்து வந்துவிட்டார். மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் காயம், கங்காணி சத்தம் போடுவார். அந்தக் கை ஜிப்சத்தை ஏடு ஏடாகச் சீவிக்கொண்டே போனது, பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழவில்லை. எல்லார் வீட்டிலும் இது கிடைக்காது என்பதால் மதிப்பெண்ணில் இதைச் சேர்க்கவில்லை. மழுங்கின ஸ்க்ரூடிரைவர் போதும், குத்தாமல் சுரண்டுங்கள்.

பொருத்தி முடித்ததைப் பார்த்துவிட்டு அம்மா, "இது தெங்கிலிங்தானே" என்றார், அதாவது அழுங்கு, உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புத்தின்னி. தோட்டத்தில் வளர்ந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். விடியற்காலை பால் வெட்டப் போகும்போது நாய் குரைக்கும் பக்கம் விளக்கடித்தால் உருண்டையாகச் சுருண்டு கிடக்குமாம். பார்வைக்குத்தான் ஒற்றுமை, உறவு கிடையாது. தெங்கிலிங்கின் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது, எலும்பு இல்லை. உறவுமுறை பார்த்தால் அது பூனை, நாய் பக்கத்துக்குப் போகும். அது சுருளும், கிளிப்டோடானால் சுருள முடியாது. மகள் இதைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வி கேட்டாள், "அதுவும் அழிஞ்சிடுமா பாட்டி?" அம்மா என்னைப் பார்த்தார். நம் காட்டில் இருக்கும் சுந்தா வகை உலகப் பட்டியலில் மிக மோசமான ஆபத்து நிலையில் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதோ வைத்திருப்பதோ குற்றம். செம்பனைத் தோட்டத்தில் பார்த்தால் விட்டுவிட்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள், யாரோ மருந்து என்கிறார்கள் என்று கேட்காதீர்கள், அது வெறும் நகம்.

கிளிப்டோடான்கள் ஏன் போயின என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பனியுக முடிவில் பருவநிலை மாறியது, புல்வெளிகள் மாறின, அதே காலத்தில் மனிதனும் வந்து சேர்ந்தான். மனிதன் அவற்றை வெட்டித் தின்றதற்கு அடையாளமும் இருக்கிறது. புவனோஸ் ஐரிஸ் பக்கத்தில் ரெகோன்கிஸ்தா ஆற்றங்கரையில் கிடைத்த நியோஸ்க்லெரோகலிப்டஸ் என்ற சின்ன வகைக் கிளிப்டோடானின் எலும்புகளில் கல் கத்தியால் அறுத்த தழும்புகள் இருப்பதாக 2024இல் வெளியிட்டார்கள், வயது ஏறக்குறைய 21,000 ஆண்டு, அந்தப் பகுதியில் மனிதன் அவ்வளவு முன்பே இருந்தானா என்று பலரை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி அது.

தோண்டிக்கொண்டே இருக்கும்போது பிள்ளைக்குச் சலிப்புத் தட்டினால் சொல்ல ஒரு கதை வைத்திருங்கள், நான் சொன்னது இது. 2020இல் அர்ஜென்டினாவில் மாடு மேய்க்கப் போன ஒருவர், தண்ணீர் வற்றிப்போன ஆற்றுப்படுகையில் பெரிய உருண்டை முதுகுகள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு தகவல் கொடுத்தார். வந்து தோண்டினால் ஒன்றல்ல, நாலு கிளிப்டோடான்கள். மகள் உடனே எழுந்து, எங்கள் தாமானுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டாள். இந்தப் பக்கம் கிடைக்காது, தென் அமெரிக்காவில் உருவாகி, பனாமா நிலப்பாலம் சேர்ந்த பிறகு மெக்சிகோ, டெக்சஸ், புளோரிடா வரை ஏறியதோடு சரி, கடல் தாண்டி எங்கும் வரவில்லை என்று பின்னாலேயே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நம்பவில்லை.

கடையைப் பற்றி. அங்கே இருக்கும் அக்கா பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கச் சொல்வார், அது பெரிய விஷயம். எங்களுக்கு முதலில் எடுத்துக் கொடுத்த பெட்டியில் கட்டி இரண்டாகப் பிளந்து வாலின் நுனி வெளியே தெரிந்தது, "வேணாம் தம்பி, இத கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடறேன்" என்று அவரே வேறு ஒன்றைத் தேடி எடுத்தார். ஆன்லைனில் இதே பெட்டி சில வெள்ளி குறைவு, ஆனால் இந்தக் கனத்துக்குத் தபால் செலவு சேர்ந்தால் கணக்கு ஒன்றுதான், பிளந்து வந்தால் யாரிடம் போய்க் கேட்பது. கார்டு வாங்க மாட்டார், கியூஆர் இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிடுவார், வாசலில் போர்டு எதுவும் இருக்காது, அடைத்திருக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள், பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு தே ஓ குடித்துக்கொண்டு காத்திருந்தால் வந்துவிடுவார்.

வால் சேரும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் முளை மெல்லிசு. எங்களுடையது மகளின் தோழி கதாயுதத்தைச் சுழற்றிக் காட்டியதில் உடைந்தது, சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருக்கிறேன், தாங்குகிறது. வாலை ஒட்டாமல் கழற்றியே வைத்துவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான், உடம்பு அப்போது இன்னும் சரியாக இருக்கும், ஆனால் மகள் விடவில்லை. அதே சீரிஸில் மாமத் பெட்டி ஒன்று மேல்தட்டில் இருக்கிறது, 20 வெள்ளி அதிகம், எலும்புகள் குறைவு, தந்தம் இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருக்கின்றன, அதை எடுக்காதீர்கள். கிளிப்டோடான் கீழ்த்தட்டில், நோட்டு அட்டை போடும் பிளாஸ்டிக் ரோல்களுக்குப் பின்னால்.